குதிரைக்கு ஒரு நடுகல்: ஃபேண்டஸியில் பெயரும் பெயரின்மையும்

1

ஃபேண்டஸி எழுத்தாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னபோது இலக்கிய நண்பர் ஒருவர் கேட்டார்: "என்ன தோழர், அம்புலிமாமாவுக்கெல்லாம் விமர்சனம் எழுத ஆரம்பிச்சிட்டீங்களா?"

கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு விமர்சன மரபே உட்கார்ந்திருக்கிறது. யதார்த்தவாதத்தை இலக்கியத்தின் ஒரே நுழைவுச்சீட்டாக வைத்துக்கொண்ட அந்த மரபு, மந்திரவாதியும் டிராகனும் வருகிற எதையும் 'குழந்தைகளுக்கானது' அல்லது 'தப்பித்தல்' என்று மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடும். சரி, அதை எதிர்த்துக் கிளம்பிய நம்மவர்களாவது வேறு மாதிரி இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. போர்ஹெஸ், மார்க்வெஸ், கால்வினோ என்று ஒரு வரிசையை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். டோல்கீனையும் லெகுவினையும் திண்ணையோடு நிறுத்திவிட்டார்கள். 'மாய யதார்த்தம்' என்றால் இலக்கியம். 'ஃபேண்டஸி' என்றால் ரயில் நிலையப் புத்தகக் கடைச் சரக்கு. இந்தத் தீட்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் விவாதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஃபேண்டஸிக்கு வக்காலத்து வாங்குவது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. எனக்கு அதோடு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2003இல் வெளியான 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்றாம் படத்தைப் பள்ளி நாட்களில் ஒரு நண்பன் வீட்டில் குறுந்தகட்டில் பார்த்தோம். நாலைந்து பையன்கள். போர்க்களத்தில் மலை மாதிரி யானைகள் வரிசையாக வருகிற கட்டம். வெள்ளைக்காரப் படத்தில் யானையைப் பார்த்த சந்தோஷத்தில் ஒருத்தன் "டேய், நம்ம யானைடா!" என்று கத்தி விசில் அடித்தான். எல்லாரும் அடித்தோம். இரண்டு நிமிஷம் போயிருக்காது. பொன்முடி இளவரசன் ஒருவன் யானைமேல் ஏறி, மேலே இருந்தவர்களையெல்லாம் கீழே தள்ளி, யானையையும் கொன்று, தும்பிக்கை வழியாகச் சறுக்கிக்கொண்டு இறங்கினான். அதற்கும் விசில் அடித்தோம். கீழே விழுந்தவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள் என்று எங்களில் ஒருவனும் கேட்கவில்லை. பின்னாளில் எம்.ஏ. தமிழ் படிக்கும்போது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தபோதுதான் விஷயம் உறைத்தது. அவர்கள் தெற்கிலிருந்து வந்தவர்கள். கறுத்தவர்கள். யானைப்படைக்காரர்கள். பெயர் இல்லாதவர்கள்.

அன்றைக்கு நான் எந்தப் பக்கம் நின்று விசில் அடித்தேன் என்பதுதான் என் பாக்கிக் கணக்கு.

2

கோட்பாட்டு நூல்களிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோனால் அவ்வளவு உதவி கிடைப்பதில்லை. 1970இல் வெளியான தோதரோவின் நூல் அதிசய இலக்கியத்தை ஒரு தயக்கமாக வரையறுக்கிறது. நடந்தது இயற்கையா, இயற்கைக்கு மீறியதா என்று வாசகன் ஊசலாடுகிற வரைக்கும்தான் அது அதிசயம். இயற்கை விதிகளுக்குள் அடங்குகிற விளக்கம் கிடைத்துவிட்டால் வினோதம். இயற்கைக்கு மீறியதை அப்படியே ஏற்றுக்கொண்டால் அற்புதம். இந்தக் கணக்குப்படி டோல்கீன் மூன்றாவது அறையில் போய் விழுகிறார். தோதரோவின் அக்கறையோ நடுவில் இருக்கிற அந்த மெல்லிய கோட்டின்மேல்தான். 1981இல் ரோஸ்மேரி ஜாக்சன், தோதரோவுடன் ஃப்ராய்டையும் லக்கானையும் சேர்த்து, ஃபேண்டஸி என்பது பண்பாடு பேசாமல் அமுக்கி வைத்ததைப் பேசுகிற கலக எழுத்து என்றார். கலக எழுத்துக்கு அவர் காட்டிய உதாரணங்களில் டோல்கீன், சி. எஸ். லூயிஸ் வகையறாக்களுக்கு இடமில்லை. அவர்கள் கடந்தகால ஏக்கக்காரர்கள், ஒழுங்கை மீட்டுத் தருகிறவர்கள்.

அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1956இலேயே டோல்கீனைச் சிறுபிள்ளைத்தனம் என்று கிழித்துவிட்டார். மைக்கேல் மூர்காக் 1978இல், இது நடுத்தர வர்க்கத்துக்குத் தாலாட்டுப் பாடுகிற எழுத்து என்று தாக்கினார். மூர்காக் வெளியாள் இல்லை, அதே துறையில் எழுதுகிறவர் என்பதால் அவர் அடி பலமாகவே விழுந்தது.

டோல்கீனுக்கு இதற்கெல்லாம் முன்கூட்டியே பதில் இருந்தது. 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி அவர் ஆற்றிய உரை 1947இல் கட்டுரையாக அச்சானது. எழுத்தாளன் ஒரு இரண்டாம் உலகைப் படைக்கிறான், அதற்குள் உண்மையும் விதிகளும் உண்டு என்கிறார். 'தப்பித்தல்' என்ற வசைக்கு அவர் பதில் அழகானது: சிறைக்குள் இருப்பவன் வெளியே போக நினைப்பதும், போர்வீரன் படையை விட்டு ஓடுவதும் ஒன்றல்ல, விமர்சகர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 1916இல் சோம் போர்க்களத்தின் பதுங்குகுழியில் கிடந்தவர் சொல்வதால் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

வாதி பிரதிவாதி இருவரும் விட்டுவிட்ட ஒரு கேள்வி இருக்கிறது. இரண்டாம் உலகைப் படைக்கலாம், சரி. அந்த உலகில் யாருக்குப் பெயர் வைப்பது, யாருக்கு வைக்காமல் விடுவது? உலகத்தையே புதிதாகச் செய்கிறவனுக்கு இந்த விஷயத்தில் 'இருந்ததைத்தான் எழுதினேன்' என்ற சாக்கு கிடையாது. யதார்த்த எழுத்தாளனுக்கு அந்தச் சாக்கு உண்டு. ஃபேண்டஸிக்காரன் மலையும் அவன் வைத்தது, மலையின் பெயரும் அவன் வைத்தது. ஃபேண்டஸியைப் பிற புனைவுகளைவிடக் கடுமையாக அரசியல்ரீதியில் வாசிக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

3

டோல்கீன் அடிப்படையில் மொழி ஆராய்ச்சிக்காரர். 1925இலிருந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியர். கதைக்காக மொழி செய்யவில்லை, செய்துவைத்த மொழிகளுக்கு ஒரு உலகம் வேண்டியிருந்ததால் கதை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். எல்ஃப் இனத்தாருக்கு இரண்டு மொழிகள்: ஒன்றின் ஓசை ஃபின்னிய மொழியிலிருந்து, மற்றதன் ஓசை வெல்ஷ் மொழியிலிருந்து. குள்ளர்களுக்கு செமிட்டிக் மொழிகளின் சாயலில் ஒன்று. குதிரை வீரர்களான ரோஹன் மக்களின் பேச்சுக்குப் பழைய ஆங்கிலம். மரமனிதர்களுக்குக்கூட ஒரு மொழி. ஒரு மலைக்கு மூன்று இனத்தார் மூன்று பெயர் வைத்திருப்பார்கள். வாளுக்குப் பெயர், வீட்டுக்குப் பெயர். வழியில் வாங்கிய மூட்டை சுமக்கும் மட்டக்குதிரைக்கு 'பில்' என்று பெயர். அது கதையின் முடிவில் பத்திரமாக ஊர் வந்து சேர்கிறது என்பதுவரை ஆசிரியர் கவலைப்பட்டிருக்கிறார்.

தெற்கத்தியார்களுக்கு வருவோம். அவர்கள் பெயர் ஹாரட்ரிம். 'ஹாரட்' என்றால் எல்ஃப் மொழியில் தெற்கு. ஹாரட்ரிம் என்றால் தெற்கத்தியார். கிழக்கிலிருந்து வருகிறவர்கள் வெறுமனே கிழக்கத்தியார். அவ்வளவுதான். அவர்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்கள் என்பது பிரதியில் இல்லை. திசைதான் பெயர், அந்தத் திசையும் எதிரியின் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற திசை. இது எனக்குப் புதிதல்ல. தமிழனோ, தெலுங்கனோ, மலையாளியோ, வடக்கே வேலைக்குப் போனால் எல்லாரும் 'மதராசி'தான். 'தென்னவன்' என்று பாண்டியன் தனக்குத்தானே சூட்டிக்கொள்கிறபோது திசை ஒரு பட்டம். அதே திசையை மற்றவன் ஒட்டும்போது அது பெயரை அழிக்கிற வேலை.

பெலன்னோர் போர்க்களத்தில் இந்த அழிப்பு உச்சத்துக்குப் போகிறது. ரோஹன் மன்னன் தியோடன், கறுப்புப் பாம்புக் கொடி பிடித்து வந்த தெற்கத்தியார் தலைவனைக் கொல்கிறான். அந்தத் தலைவனுக்குப் பெயர் கிடையாது. பிறகு தியோடனின் குதிரை மன்னன்மேலேயே விழுந்து அவனையும் சாகடித்துத் தானும் சாகிறது. குதிரையின் பெயர் ஸ்னோமேன். அதற்குக் குழி வெட்டி, மேலே கல் நட்டு, அந்தக் கல்லில் இரண்டு மொழிகளில் எழுத்துப் பொறிக்கிறார்கள். குதிரைக்கு நடுகல், எதிரி மன்னனுக்கு ஒரு பெயர்கூட இல்லை. இதை வாசித்துவிட்டு நான் ரொம்ப நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். வீரனின் பெயரையும் அவன் செயலையும் கல்லில் பொறித்து நடுவதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்-பிராமி எழுத்தோடு நடுகற்கள் கிடைத்தன. ஆநிரை கவர்தலில் இறந்தவனைப் பற்றிப் பேசுகிற கல் அவற்றில் ஒன்று. ஒரு மாட்டுச் சண்டையில் செத்தவனுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னே கிடைத்தது, டோல்கீனின் தெற்கத்தி மன்னனுக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் டோல்கீன் ஒரு இனவாதி, ஆளை விடுங்க என்று முடித்துக்கொள்ளலாமா? நம்மூரில் கட்டுடைப்பு என்ற பெயரில் பலபேர் செய்கிற வேலை அதுதான். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. 1938இல் ஜெர்மன் பதிப்பகம் ஒன்று 'ஹாபிட்' நாவலை மொழிபெயர்க்க விரும்பி, நீங்கள் ஆரியரா என்று கேட்டது. ஆரியம் என்பது இந்திய-இரானிய மொழிகளைக் குறிக்கிற சொல், என் முன்னோர் யாரும் அவற்றைப் பேசியதில்லை. யூதர்களா என்று கேட்கிறீர்கள் என்றால், அந்தத் திறமைமிக்க மக்களின் ரத்தம் எனக்கு இல்லாமல் போனதற்கு வருந்துகிறேன் என்ற பொருளில் டோல்கீன் பதில் வரைந்தார். இதே மனிதர் 1958இல், படமாக்குவதற்காக எழுதப்பட்ட திரைக்கதை ஒன்றைப் பற்றிய கடிதத்தில், தன் ஓர்க்குகளின் முகத்தை விவரிக்க மங்கோலிய முகங்களைத்தான் கேவலமான முறையில் உதாரணம் காட்டுகிறார். இரண்டு கடிதமும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. நாஜியின் இனவாதத்தை நையாண்டி செய்யத் தெரிந்த அறிவு, தன் கற்பனையின் அடித்தளத்தில் படிந்து கிடக்கிற ஐரோப்பியப் பயத்தைப் பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கிறது.

முழுக்கத் தெரியாமலும் இல்லை. இரண்டாம் பாகத்தில் ஒரு சின்ன இடம். தெற்கத்தியார் படையைப் பதுங்கியிருந்து தாக்குகிறார்கள். ஒரு வீரன் அம்பு பட்டுச் சாமுக்குப் பக்கத்தில் வந்து விழுகிறான். பொன் பின்னிய கருஞ்சடை, உடைந்த வாளைப் பற்றிய பழுப்புக் கை. மனிதர்களோடு மனிதர்கள் மோதுகிற சண்டையை சாம் முதல்முறையாகப் பார்க்கிறான். இவன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தான், நிஜமாகவே கெட்டவன்தானா, எந்தப் பொய்யும் மிரட்டலும் இவனை வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் இழுத்து வந்தன என்று அவனுக்குள் கேள்வி ஓடுகிறது. அடுத்த நிமிஷமே யானை வந்துவிடுகிறது. கேள்வி அப்படியே விழுந்துவிடுகிறது. ஆயிரம் பக்கங்களில் இந்த ஒரே இடத்தில் பிரதி தன் கதையாடலுக்கு எதிராகத் திரும்பிப் பார்க்கிறது. கேட்பவன் மன்னனோ மந்திரவாதியோ இல்லை, தோட்டக்காரன் என்பதும் கவனிக்க வேண்டியது. திரைப்படத்தின் விரிவாக்கப்பட்ட பதிப்பில் இந்தக் கேள்வியைத் தோட்டக்காரனிடமிருந்து பிடுங்கிப் பிரபு மகன் ஃபாரமிரின் வாயில் வைத்துவிட்டார்கள்.

டோல்கீன் கடைசி வருஷங்களில் ஓர்க்குகளைப் பற்றி அரைகுறைக் குறிப்புகளாக எழுதிக்கொண்டே இருந்தார். அவர் மகன் அவற்றை 1993இல் 'மார்காத்ஸ் ரிங்' தொகுப்பில் வெளியிட்டார். பேசத் தெரிந்த ஒரு இனத்துக்கு ஆன்மா இல்லை என்று சொல்ல முடியுமா, முழு இனமே மீட்சியற்றது என்றால் படைத்தவன் எப்படி நல்லவன்? கத்தோலிக்கரான அவரை இந்தக் கேள்வி விடவில்லை. எல்ஃப்களிலிருந்து வந்தவர்கள் என்று பார்த்தார், மனிதர்களிலிருந்து என்று பார்த்தார், மிருகங்கள் என்றும் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. ஒட்டாமல் செத்துப்போனார். அந்தத் தோல்வியை நான் மதிக்கிறேன்.

4

சாமின் கேள்வியை எடுத்துக்கொண்டு முழு உலகத்தையும் அதன்மேல் கட்டியவர் என்று உர்சுலா லெகுவினைச் சொல்லலாம். அவர் அப்படித் திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை; டோல்கீனை அவர் பெரிதும் நேசித்தார். ஆனால் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

லெகுவின் 1929இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அப்பா ஆல்ஃப்ரெட் குரோபர், மானிடவியலாளர். 1911இல், யாஹி என்ற பழங்குடியில் மிஞ்சிய கடைசி மனிதர் பசியோடு காட்டைவிட்டு வெளியே வந்தார். அவரைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்தவர்களில் ஒருவர் குரோபர். அந்த மனிதர் தன் பெயரைச் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்லக்கூடாது, தன் மக்களில் ஒருவர்தான் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சொல்ல ஆள் யாரும் மிச்சமில்லை. குரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். அவர் மொழியில் அதற்கு 'மனிதன்' என்று பொருள். 1916இல் காசநோயில் அவர் இறந்தார். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாமலே போனது. அவருடைய மூளையைத் தனியே எடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். 2000இல்தான் அது உறவுப் பழங்குடியினரிடம் திரும்பி வந்தது. லெகுவினின் அம்மா தியடோரா குரோபர் 1961இல் இஷியைப் பற்றிப் புகழ்பெற்ற நூலை எழுதினார்.

ஏழு வருஷம் கழித்து, 1968இல் மகள் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்: ஊர் கூப்பிடுகிற பெயர் ஒன்று, உண்மைப் பெயர் ஒன்று. உண்மைப் பெயரை உயிரினும் நம்புகிறவரிடம் மட்டும்தான் சொல்லலாம். அதை அறிந்தவன் உன்னை ஆள்வான். மந்திரம் என்பதே பொருள்களின் உண்மைப் பெயரை அறிவதுதான். இஷியிலிருந்துதான் இது வந்தது என்று நான் நிரூபிக்க முடியாது. பெயரை மூடிவைக்கிற பண்பாடு உலகில் பல இடத்தில் உண்டு. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்த ஒருவர் பெயரை ஒரு விளையாட்டுச் சாமானாக எடுத்திருக்க மாட்டார்.

எர்த்ஸீயில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறம். அவன் நண்பன் வெச் கறுப்பு. வெள்ளைத்தோல் உள்ளவர்கள் கார்குகள். கிழக்கேயிருந்து கப்பலில் வந்து கொள்ளையடிக்கிற காட்டுமிராண்டிகளாகத்தான் நாவலின் தொடக்கத்தில் வருகிறார்கள். லெகுவின் இதை முதல் பக்கத்தில் சத்தமாக அறிவிக்கவில்லை. வாசகன் கெட்டோடு ஒட்டிக்கொண்டபிறகு, போகிறபோக்கில் தோலின் நிறத்தைச் சொல்கிறார். கதையில் போர் இல்லை. கெட் தன் கர்வத்தால் அவிழ்த்துவிட்ட நிழல் ஒன்று அவனைத் துரத்துகிறது, பிறகு அவன் அதைத் துரத்துகிறான். கடைசியில் கடலின் விளிம்பில் எதிரெதிரே நின்று அதற்குப் பெயர் சொல்கிறான். அது அவன் பெயரேதான். மற்றமையைப் பற்றி நாம் எத்தனையோ பக்கங்கள் எழுதித் தள்ளியிருக்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி இவ்வளவு நேராகச் சொன்ன பிரதி எனக்குத் தெரிந்து குறைவு.

சந்தை இந்தக் கறுப்பைத் தாங்கவில்லை. அட்டைப் படங்களில் கெட் திரும்பத் திரும்ப வெள்ளைக்காரனாகவே வந்தான். 2004இல் தொலைக்காட்சித் தொடர் எடுத்தபோது வெள்ளை நடிகரைப் போட்டார்கள். லெகுவின் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். அதே தொடரில் கூப்பிடு பெயரையும் உண்மைப் பெயரையும் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். தோலை மாற்றினார்கள், பெயரையும் மாற்றினார்கள். இரண்டும் ஒரே காரியம்தான்.

லெகுவினை டோல்கீனுக்கு எதிரான சுலபமான விடையாக நான் நிறுத்த விரும்பவில்லை. எர்த்ஸீயிலும் ஓட்டை இருந்தது. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் ஆண்கள் மட்டும்தான். பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்று ஊர்ப் பழமொழிகள் சொல்லும். ஆசிரியரும் அதை மறுக்கவில்லை. இரண்டாம் நாவலின் டெனார் என்ற வெள்ளைச் சிறுமியிடமிருந்து குழந்தையிலேயே பெயரைப் பறித்து, 'உண்ணப்பட்டவள்' என்று பொருள்படும் பெயரை வைத்து, இருண்ட கல்லறைகளுக்குப் பூசாரிணியாக்குகிறார்கள். கெட் வந்து அவள் பெயரைத் திருப்பித் தருகிறான். இங்கே பழுப்பு ஆண், வெள்ளைப் பெண்ணை மீட்கிறான். நிறம் தலைகீழானது; மீட்பவன் ஆண் என்பது அப்படியே இருக்கிறது.

1972இல் மூன்றாம் நாவலோடு முடிந்ததாக நினைத்த கதைக்கு, பதினெட்டு வருஷம் கழித்து 1990இல் 'டெஹானு' வந்தது. டெனார் நடுவயது விதவை. கெட் சக்தி எல்லாம் இழந்து திரும்பி வருகிறான். மையத்தில் ஒரு குழந்தை: பலாத்காரம் செய்யப்பட்டு, நெருப்பில் தள்ளப்பட்டு, முகத்தில் பாதி வெந்துபோன குழந்தை. பாத்திரம் கழுவுவது, ஆடு மேய்ப்பது, காயத்துக்கு மருந்து போடுவது, இவைதான் நாவலின் சம்பவங்கள். வீரசாகசத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் பலர் கோபப்பட்டார்கள். மூன்று புத்தகங்களில் ஆணின் கண்ணால் பார்த்துவிட்டேன் என்று 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் லெகுவின் தன்னையே விசாரித்துக்கொண்டார். தன் உலகத்துக்குள் திரும்பிப் போய், சுவர்களைத் தட்டிப் பார்த்து, 'இது நான் கட்டியது இல்லை, எனக்கு முன்னே இருந்தவர்கள் கட்டினது' என்று கண்டுபிடிப்பது லேசான காரியமா என்ன?

2001இல் வந்த 'தி அதர் விண்ட்' இன்னும் தூரம் போகிறது. எர்த்ஸீயில் செத்தவர்கள் போகிற வறண்ட நாடு, ஒரு காலத்தில் மந்திரவாதிகள் சாவை வெல்ல ஆசைப்பட்டு, பெயரின் சக்தியால் டிராகன்களிடமிருந்து திருடிய நிலம் என்று தெரியவருகிறது. அங்கே செத்தவர்கள் பெயரோடு இருக்கிறார்கள், உயிரோ உறவோ இல்லாமல். கடைசியில் அந்தச் சுவரை இடிக்கிறார்கள். அதாவது தொடரின் முதல் புத்தகம் எதைப் புனிதமாக்கியதோ, அந்தப் பெயர் அறிவே ஒரு ஆக்கிரமிப்பின் கருவியாக இருந்தது என்று கடைசிப் புத்தகம் ஒப்புக்கொள்கிறது. 1985இலேயே ஒரு சின்னக் கதையில் ஏவாள் விலங்குகளுக்கு ஆதாம் வைத்த பெயர்களையெல்லாம் திருப்பி வாங்கிவிடுவதாக அவர் எழுதியிருந்தார். 2018இல் லெகுவின் இறந்தார். 2021 ஜனவரியில், இஷி விவகாரம் உள்ளிட்ட காரணங்களால், பெர்க்லி பல்கலைக்கழகக் கட்டடத்திலிருந்து அவர் அப்பாவின் பெயரை எடுத்தார்கள். இஷிக்குப் பெயர் வைத்தவரின் பெயர் சுவரிலிருந்து இறங்கியது.

5

'லெகுவினும் வெள்ளைக்காரப் பெண்மணிதானே, பழுப்புத் தோலை அவர் ஏன் எழுதணும்' என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். பதிலாக இரண்டு கறுப்பின எழுத்தாளர்களைச் சொல்ல வேண்டும்.

ஹார்லெமில் 1942இல் பிறந்த சாமுவேல் டிலேனி, 1979க்கும் 1987க்கும் இடையில் நெவேரியான் கதைகளை நான்கு தொகுதிகளாக எழுதினார். நகரத்து ஆளும் மக்கள் கருநிறம்; தெற்கேயிருந்து பிடித்து வரப்படுகிற 'காட்டுமிராண்டி' அடிமைகள் பொன்முடிக்காரர்கள். நாயகன் கோர்கிக் சுரங்க அடிமையாக இருந்து, கழுத்து வளையத்தோடு அடிமை விடுதலைக்குப் போராடுகிறவன். வாள்சண்டைக் கதை என்று சொல்லிக்கொண்டே காசு எப்படிப் பிறந்தது, எழுத்து எப்படி அதிகாரமானது என்று டிலேனி பேசுகிறார். பின்னை அமைப்பியலை உதறல் இல்லாமல் கதையாக்கியவர். நம்மூர்க் கோட்பாட்டு நண்பர்கள் இவரையாவது வாசித்திருக்கலாம்.

இரண்டாமவர் சார்ல்ஸ் சாண்டர்ஸ். வியட்நாம் போருக்கு ஆள் பிடிப்பதிலிருந்து தப்பிக் கனடா போன அமெரிக்கக் கறுப்பர். ஆப்பிரிக்காவைத் தன் கற்பனையில் 'நியும்பானி' என்று புதிதாகச் செய்து, டார்ஜானுக்குப் பதிலாக 'இமாரோ' என்ற வீரனைப் படைத்தார். 1981இல் முதல் நாவல் வந்தது. பதிப்பகம் அட்டையில் என்ன போட்டது தெரியுமா? கறுப்பு டார்ஜானின் காவியம் என்று! டார்ஜான் உரிமையாளர்கள் ஆட்சேபித்தார்கள், புத்தகம் தாமதமானது, விற்பனை அடிபட்டது. எவன் பெயரை அழிக்க எழுதினாரோ அவன் பெயரையே அவர் வீரன் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். 2020 மே மாதம் நோவா ஸ்கோஷியாவில் சாண்டர்ஸ் தனியாக இறந்தார். பெயர் பொறிக்காத குழியில் அடக்கம் செய்யப்பட்டார். சில மாதங்கள் கழித்துத்தான் நண்பர்களுக்கே விஷயம் தெரிந்தது. பணம் திரட்டி, கல் நட்டார்கள்.

6

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பெயரை இடுகுறி, காரணம் என்று நன்னூல் பிரிக்கிறது. சசூரைப் படித்துவிட்டு எல்லாப் பெயரும் இடுகுறிதான், அதில் என்ன இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். குறிக்கும் பொருளுக்கும் இயற்கை உறவு இல்லை என்பது சரி. ஆனால் இடுகிறவன் என்று ஒருவன் இருக்கிறான், இடாமல் விடுகிறவனும் இருக்கிறான். எங்கள் ஊர்ப்பக்கம் பழைய நிலப்பத்திரங்களில் வாங்குபவர் விற்பவர் பெயர் தகப்பன் பெயரோடு இருக்கும். உழுதவர்கள் 'ஆட்கள்' என்று மட்டும் இருப்பார்கள். அது எந்த இலக்கணத்தில் வரும்?

பெயரின்மையிலும் இரண்டு வகை உண்டு. அகப்பாட்டில் தலைவன் தலைவி இன்னாரென்று பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. அந்தப் பெயரின்மைக்குள் நீங்களும் நுழையலாம், நானும் நுழையலாம். டோல்கீனின் தெற்கத்தியானுடைய பெயரின்மைக்குள் நுழைந்தால் சாக மட்டும்தான் முடியும். முதலாவதைப் பற்றியும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம்: அடியவருக்கும் வினைவலருக்கும் கைக்கிளை, பெருந்திணையைத்தான் உரையாசிரியர்கள் ஒதுக்கி வைத்தார்கள். நம் வீட்டு இரண்டாம் உலகிலும் தெற்குத் தெரு இருந்தது.

என் கணக்குக்கு வருகிறேன். டோல்கீனைத் தூக்கிப் போட என்னால் ஆகாது. அந்த மலைகளும் மரங்களும், சாம் என்ற தோட்டக்காரனும் எனக்கு வேண்டும். ஆனால் அவன் பாதியில் விட்ட கேள்வியை நான் விட முடியாது. அதை லெகுவினும் டிலேனியும் சாண்டர்ஸும் தங்கள் தங்கள் வழியில் தொடர்ந்து கேட்டிருக்கிறார்கள். ஃபேண்டஸி இலக்கியமா இல்லையா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிட்டு, இந்த உலகத்தில் யாருக்குப் பெயர் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பிக்கலாம். இந்தக் கேள்வியை யதார்த்த நாவல்களிடமும் கேட்கலாம். அங்கேயும் நிறைய பேர் யானைமேலிருந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

அம்புலிமாமா என்று கேலி செய்த நண்பருக்கு 'டெஹானு'வைக் கொடுத்திருக்கிறேன். இன்னும் திருப்பித் தரவில்லை.